சுளுக்கு ஆறியும் கணுக்கால் குத்துகிறதா?

கேள்வி: இரண்டு வருடம் முன்பு ஃபுட்பால் ஆடும்போது வலது கால் பிசகியது. எண்ணெய் தேய்த்து வழித்ததில் வீக்கம் வடிந்தது. பிறகும் நான்கைந்து முறை அதே கால் மடங்கிவிட்டது. இப்போது குந்தி உட்கார்ந்தால், மாடி ஏறினால் முன்பக்கம் குத்துகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறதாம். அம்மா நெத்திலி, முருங்கைக்கீரை எல்லாம் நிறுத்திவிட்டார். ஆபரேஷன்தான் வழியா?
- வாசகர் (27), வியாசர்பாடி

பதில்: நெத்திலியை இன்றே சமைக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக் கால்சியத்தால் இந்த எலும்பு வளர்வதில்லை.

வெளிப்பக்கத் தசைநார் தளர்ந்து கால் அடிக்கடி மடங்கும்போது, கெண்டைக்கால் எலும்பின் முன்விளிம்பு பாத எலும்பில் இடிக்கிறது. இடிபட்ட இடத்தில் உடம்பு எலும்பாலேயே ஒட்டுப்போடுகிறது; அதுதான் முள் போல நீட்டிக்கொண்டு வளர்கிறது. பந்து வந்து மோதுவதும் அங்கேதான். 1950-லேயே மெக்மர்ரே என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதை 'ஃபுட்பாலர்ஸ் ஆங்கிள்' (கால்பந்து வீரரின் கணுக்கால்) என்று எழுதினார். ஆனால் வலிப்பது பெரும்பாலும் அந்த முள் அல்ல, இரண்டு எலும்புக்கும் நடுவே நசுங்கி வீங்கும் சவ்வு. முள் இருந்தும் வலியே இல்லாமல் ஆடுகிறவர்கள் நிறைய. எக்ஸ்ரேயில் தெரிகிறது என்பதற்காக மட்டும் வெட்டக் கூடாது.

சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். கட்டைவிரலுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி வரை முடிகிறது என்று இரண்டு காலிலும் அளந்து பாருங்கள். அப்போது காலின் பின்பக்கம் இழுத்தால் கெண்டைச் சதை இறுக்கம். கணுக்காலின் முன்பக்கம் குத்தினால் முள் நசுக்குகிறது. அப்படியானால் பாதத்தை மேல்நோக்கி வளைக்கும் ஸ்ட்ரெச்சிங் வேண்டவே வேண்டாம். பலரும் செய்யும் தவறு இதுதான். நசுங்கிய சவ்வு இன்னும் வீங்கும். இழுத்து வழித்துவிடுவதும் அப்படியே.

மூன்று மாதம் இதைச் செய்யுங்கள்: இரண்டு ஷூவிலும் 1 செ.மீ. குதிகால் பேட், வெஸ்டர்ன் டாய்லெட், ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்பது மூன்று முறை, ரப்பர் பேண்டைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் தள்ளுவது 15 தடவை, மூன்று சுற்று. தளர்ச்சியைச் சரிசெய்யாமல் முள்ளை மட்டும் எடுத்தால் மறுபடி வளரலாம். வலி மாத்திரையை, முக்கியமாக அல்சரோ கிட்னி தொல்லையோ இருந்தால், கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

குறையவில்லை என்றால் பழைய எக்ஸ்ரேயோடு ஸ்டான்லி அரசு மருத்துவமனை எலும்பு மூட்டுப் பிரிவுக்குப் போங்கள். உள்பக்க முள் பக்கவாட்டுப் படத்தில் மறைந்துவிடலாம். சாய்வாக ஒரு படம் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். மூட்டு இடைவெளி தேயாமல் இருந்தால், இரண்டு சிறு துளை போட்டு ஆர்த்ரோஸ்கோப்பியில் (மூட்டுக்குள் சிறு கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) முள்ளைச் செதுக்குவது நல்ல பலன் தரும். இடைவெளி தேய்ந்துவிட்டால் அந்த அளவுக்குப் பலன் இருக்காது. ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சலோடு வீக்கம், நாளுக்கு நாள் பெரிதாகும் கட்டி இருந்தால் மட்டும் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள், உடனே காட்டுங்கள்.