ஜவுளிக் கடை ஊழியர்களின் உடல்நலத்துக்கு முதலாளி முதலில் என்ன செய்யலாம்?

உட்கார இடம் கொடுங்கள். யோகா வகுப்பு, மருத்துவ முகாம் எல்லாம் அப்புறம். இது சலுகை இல்லை, சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அது சரியாக நடக்காது, ரத்தம் காலிலேயே தேங்கும். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் புறங்காலில் வார் பதிந்த பள்ளம் தெரியும், பாருங்கள். வருடக்கணக்கில் இப்படியே போனால் காலின் ரத்த நாளங்கள் புடைத்துச் சுருட்டிக்கொள்ளவும் (நரம்புச் சுருட்டல் என்பார்கள்) வாய்ப்பு அதிகம்.

ஸ்டூல் வாங்கி கிடங்கில் போட்டால் பயனில்லை. கவுன்டருக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாதபோது உட்கார்ந்திருப்பவரை எழுப்பக் கூடாது என்று சூப்பர்வைசரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் முறைத்தால் யாரும் உட்கார மாட்டார்கள்.

இன்னொன்று, கழிப்பறை. அது நாலாவது மாடியில் இருந்தால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். விற்பனைத் தளத்திலேயே ஒன்று கட்டிக் கொடுங்கள்.