நேட்டாலுக்குப் போனவரின் ஊர்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும் நண்பருக்கு முனிசாமி என்பது குடும்பப் பெயர். அவருடைய கொள்ளுத்தாத்தா 1890-களில் வட ஆற்காட்டிலிருந்து அங்குள்ள நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டத்துக்குப் போனவராம். தாத்தாவின் திருமணச் சான்றிதழ் ஒன்றுதான் கையில் இருக்கிறது. அதில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு எண். ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா? வேலூரில் யாரைக் கேட்பது?

– ஒரு வாசகி, வேலூர்

அன்புள்ள வாசகிக்கு,

முடியும் என்றுதான் நம்புகிறேன். வேலூரில் யாரையும் கேட்கும் முன் அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் நின்றது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்கியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஆளுக்கு ஒரு எண் கொடுத்தார்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு என்று எந்தப் பதிவிலும் அந்த எண் கூடவே வரும். டர்பன் ஆவணக் காப்பகத்தில் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. எண்ணை வைத்துத் தேடினால் அவருக்குரிய வரி கிடைக்கும்: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. குடும்பத்தில் யாரும் பார்த்திராத மனிதரின் முழங்கால் வடு அங்கே எழுதப்பட்டிருக்கலாம்.

முனிசாமி குடும்பம் என்று இங்கே விசாரித்தால் ஒன்றும் கிடைக்காது. ஒருவரின் சொந்தப் பெயர் அங்கே போய்க் குடும்பப் பெயராகிவிட்டது, அவ்வளவுதான். தகப்பன் பெயரும் கிராமமும்தான் உதவும். அப்புறம், அன்றைய வட ஆற்காடு இன்றைய வேலூர் மட்டுமல்ல. ஆரணி, போளூர் இப்போது திருவண்ணாமலை மாவட்டம். வாலாஜா இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. சித்தூரோ 1911-இல் தனி ஜில்லாவாகி, இன்று ஆந்திராவில் இருக்கிறது. எனவே தாலுகா பெயரை முதலில் உறுதிசெய்யுங்கள்.

கிராமம் தெரிந்ததும் பலரும் பட்டா, சிட்டா என்று தாலுகா ஆபீசுக்கு ஓடுகிறார்கள். கூலிக்குக் கப்பலேறியவர்களில் நிலமில்லாதவர்கள் ஏராளம். அவர்கள் பெயர் நிலப் பதிவேட்டில் எப்படி இருக்கும்? ஊரில் வயதானவர்களிடம், குலதெய்வக் கோயிலுக்கு வரி கொடுக்கும் பங்காளிகளிடம் கேளுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருப்பதால், பட்டியலில் உள்ள தகப்பன் பெயர் அந்த வீடுகளில் இன்னும் புழங்கக்கூடும். சாதி சங்கத்தில் போய்த் தொடங்க வேண்டாம். கப்பலேறும் முன் கூலிகளைத் தங்கவைத்துப் பதிவு செய்த டிப்போவில் பெயரையும் சாதியையும் மாற்றிச் சொன்னவர்கள் உண்டு; அப்படிச் சொல்ல அவர்களுக்குத் தக்க காரணமும் இருந்தது.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். கொள்ளுப்பாட்டியையும் தேடச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி. தன்னந்தனியாக ஏறிய பெண்கள் பலர். அவரும் கப்பலில் போனவர் என்றால் அவருக்கும் தனி எண், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் இருக்கும். அது வேறு தாலுகாவாக, வேறு மொழி பேசும் ஊராகக்கூட இருக்கலாம். உங்கள் நண்பருக்கு அதுவும் சொந்த ஊர்தானே?

பட்டியலின் நகல் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள். ஊர்ப் பெயரைச் சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.