சட்டையைப் பிடிக்கிற கை

அன்புள்ள அக்காவுக்கு,

பெங்களூர் ஷிவாஜிநகர் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். செப்டம்பர் 8 திருவிழாவில் தேர் வரும்போது ஜனங்கள் முண்டியடித்துத் தேரைத் தொடுவார்கள். தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மாதாவுக்குச் சாத்திய சேலையின் நுனியாவது கைக்குப் படாதா என்று ஏங்குவார்கள். என் அம்மாவும் அப்படித்தான். இப்போது வைட்ஃபீல்டில் இருக்கிறேன். ஒரு வேதபாடக் குழுவில் சேர்ந்த பிறகு இதெல்லாம் வெறும் மூடநம்பிக்கை என்று படுகிறது. விசுவாசம் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ள தனிப்பட்ட உறவு. அதற்குத் தொடுவது எதற்கு? உயிர்த்த இயேசுவே மகதலேனா மரியாளிடம் ‘என்னைத் தொடாதே’ என்றாரே? தலையில் கைவைத்து உலுக்கி ஜெபிக்கிற கூட்டங்களைப் பற்றியும், வீட்டிலிருந்தபடி ஆராதனை பார்ப்பது போதுமா என்பதைப் பற்றியும் உங்கள் கருத்து வேண்டும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து நான் வெளியே போவதும் குறைந்துவிட்டது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஹோம் நர்ஸ் வைத்திருக்கிறோம், நல்ல பையன். அறையில் கேமரா இருப்பதால் ஆபீஸிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். பக்கத்தில் போனால் இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். அதனால் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போய்விடுவேன். தினமும் அவருக்காக ஜெபிக்கிறேன்.

உங்கள் வாசகன்
(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்டது தேரையும் சேலையையும் பற்றி. உங்கள் இரண்டாவது பத்தியைப் படித்த பிறகு முதல் பத்திக்குத் திரும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். தவக்காலத்துக்கு எங்கள் பங்கில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக மத்தேயு எட்டாம் அதிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மகதலேனாவிடம் ‘தொடாதே’ என்றது யோவான் இருபதாம் அதிகாரம், 17ஆம் வசனம். அங்கிருந்து பத்து வசனம் தள்ளிப் படியுங்கள், அதே இயேசு தோமாவைக் கூப்பிட்டு ‘உன் கையை நீட்டி, என் விலாவிலே போடு’ என்கிறார். மத்தேயுவில் உயிர்த்தெழுந்த அன்று காலையிலேயே பெண்கள் அவர் பாதங்களைத் தழுவிக்கொள்கிறார்கள், அவர் கால்களை இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்து வாதாடுகிற பழக்கத்தை விடுங்கள். தலையை உலுக்குகிற கூட்டங்களுக்கு நானும் போகமாட்டேன். எரிகோவில் குருடர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் அவர் கண்களைத் தொட்டார். கேட்காமல் மேலே விழுகிற கையை, அதுவும் பெண்கள் மேல் விழுகிற கையை, யார் பெயரைச் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. வீட்டிலிருந்து ஆராதனை பார்ப்பது படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். உங்களுக்கு நடக்க முடிகிறது, எழுந்து போங்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மத்தேயு எட்டில் மூன்று சம்பவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலில் ஒரு குஷ்டரோகி. அடுத்து நூற்றுக்கு அதிபதி என்கிற ரோமப் படைத் தலைவனின் வேலைக்காரன். மூன்றாவது, ஜுரத்தில் கிடந்த பேதுருவின் மாமியார். நடுவில் உள்ளவனைக் குணமாக்க இயேசு அந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னார், எங்கோ கிடந்தவன் அந்த நேரமே எழுந்துவிட்டான். அப்படியானால் தொடாமலே அவரால் முடியும். குஷ்டரோகியை மட்டும் ஏன் தொட்டார்? மாமியாரின் கையை ஏன் பிடித்தார்? குணமாக்குவதற்குக் கை தேவைப்படவில்லை என்றால் அந்தக் கை வேறு எதற்கோ நீண்டிருக்கிறது.

குஷ்டரோகியின் சம்பவத்தில் எது முன், எது பின் என்று கவனியுங்கள். அதே சம்பவத்தை மாற்கு இப்படி எழுதுகிறார்: ‘இயேசு மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொட்டு: எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு என்றார்.’ தொட்டது முதலில், சுத்தமாகு என்றது பிறகு. தொட்ட நேரத்தில் அவன் இன்னும் குஷ்டரோகிதான். புண் ஆறின பிறகு தோளில் கைபோட ஊரே வந்திருக்கும். பழைய ஏற்பாட்டுச் சட்டநூலான லேவியராகமத்தின்படி அவன் தலைவிரித்து, வாயை மூடிக்கொண்டு, ‘தீட்டு, தீட்டு’ என்று கத்திக்கொண்டே பாளயத்துக்கு வெளியே கிடக்க வேண்டியவன். எத்தனை வருடம் அப்படிக் கிடந்தான் என்று மாற்கு சொல்லவில்லை. அவன் உடம்பில் மனிதக் கை பட்டு எவ்வளவு காலம் ஆகியிருக்கும்?

அதற்குப் பிறகு நடந்ததைப் பிரசங்கங்களில் அவ்வளவாகக் கேட்டதில்லை. மாற்கு முதல் அதிகாரத்தின் கடைசி வசனம் அது. குணமானவன் ஊருக்குள் போய்ச் சொல்லிவிடுகிறான். இயேசுவால் வெளிப்படையாகப் பட்டணத்துக்குள் நுழைய முடியாமல் போகிறது, வெளியே வனாந்தரமான இடங்களில் தங்குகிறார். வெளியே கிடந்தவன் உள்ளே போனான், உள்ளே இருந்தவர் வெளியே வந்தார். தொடுவதற்கு அவர் கொடுத்த விலை அது. அவன் இருந்த இடத்தை அவர் எடுத்துக்கொண்டார்.

நம் ஊரிலும் இதைப் பார்த்த மருத்துவர் ஒருவர் இருந்தார். கொல்லிமலையில் மிஷனரிகளின் பிள்ளையாகப் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாரை இடம் மாற்றித் தைத்து, திரும்ப வேலை செய்ய வைத்தவர். ஒருநாள் நோயாளி ஒருவரின் தோளில் கையை வைத்துச் சிகிச்சையைப் பற்றி ஏதோ விளக்குகிறார். அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பிக்கிறார். தவறாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று டாக்டர் பதறிப்போய்க் கேட்கிறார். இங்கே வரும்வரை பல வருடங்களாக யாரும் தன்னைத் தொட்டதில்லை, அதனால் அழுகிறார் என்று பக்கத்திலிருந்தவர் சொல்கிறார். தொட்டதும் உணர்வு தெரியாத கை கால்கள் தொழுநோயாளிக்கு இருக்கலாம். யாரும் தொடவில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

நீங்கள் மூடநம்பிக்கை என்று எழுதியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தேரைத் தொட முண்டியடிக்கிற கிழவியை விட்டுவிடுங்கள். நம் தமிழ்க் கிறிஸ்தவத்தின் பெரிய மூடநம்பிக்கை தொடாமல் இருந்ததுதான். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துச் சுவர் வைத்திருந்தார்கள், ஒரே பீடத்தின் முன்னால். அது 1910-ல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில்கூடச் செத்தவனும் செத்தவனும் ஒட்டிவிடக் கூடாது என்று சுவர் கட்டியவர்கள் நாம். தொழுநோயைக் காரணம் காட்டி மணவாழ்க்கையை முறித்துக்கொள்ள இடம் தரும் விதி கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்திலும் இருந்தது. 1980களிலேயே நோயைக் குணமாக்கும் கூட்டு மருந்து வந்துவிட்டது, விதியை 2019-ல்தான் நீக்கினார்கள். இத்தனையையும் வைத்துக்கொண்டு, சேலை நுனியைத் தொட்ட உங்கள் அம்மாவிடமா கணக்குக் கேட்கிறீர்கள்?

அந்தச் சேலை நுனி விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மாற்கு ஐந்தில் பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கோடு இருந்த பெண் வருகிறாள். அவள் நினைத்ததும் துணியைத்தான். அவருடைய வஸ்திரத்தையாவது தொட்டால் போதும், சுகமாவேன் என்று நினைத்தாள். உங்கள் வேதபாடக் குழுவில் இதைச் சொல்லியிருந்தால் அவளை உட்காரவைத்துத் திருத்தியிருப்பார்கள். இயேசு திருத்தவில்லை. யவீரு என்ற ஜெப ஆலயத் தலைவரின் மகள் சாகக் கிடக்கிறாள், அவர் அங்கே அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறார். கூட்டம் நெருக்குகிறது. நடுவில் நின்று, ‘என் வஸ்திரங்களைத் தொட்டது யார்’ என்று கேட்கிறார். சீடர்களுக்கு இது புரியவே இல்லை. இத்தனை பேர் இடிக்கும்போது யார் தொட்டது என்று கேட்டால் என்ன சொல்வது? அவளோ பின்னால் வந்து யாருக்கும் தெரியாமல் நழுவிவிடலாம் என்று இருந்தவள். அவர் விடவில்லை. முகத்தைப் பார்க்கும்வரை நின்றார், அவள் முழுக்கதையையும் சொல்லும்வரை நின்றார், பிறகு ‘மகளே’ என்றார். ஒரு தனிப் பெண்ணை அவர் மகளே என்று அழைப்பது சுவிசேஷங்களில் இந்தச் சம்பவத்தில் மட்டும்தான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன் தம்பி. உங்கள் வீட்டிலும் ஒருவர் வஸ்திரத்தைப் பிடிக்கிறார். பேச்சு போய்விட்டது. வலது கை போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு இடது கை. அதை வைத்து அவரால் சொல்ல முடிந்த ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார். நீங்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறீர்கள். நேரமாகிவிடும் என்பதற்காகவா? சட்டை கசங்கும் என்பதற்காகவா? யவீருவின் வீட்டுக்குப் போகிறவருக்கு இருந்த அவசரத்தைவிட உங்கள் ஆபீஸுக்கு அதிக அவசரமா? தினமும் ஜெபிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த அறையில் உட்கார்ந்து ஜெபிக்கிறீர்கள்?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். வாசலில் நிற்பவர்களின் மனசு எனக்குத் தெரியும். உள்ளே போனால் அழுதுவிடுவோம் என்ற பயம் அது. உங்களைத் தூக்கி வளர்த்தவர் இப்படிக் கிடப்பதைக் கிட்டத்தில் பார்க்க முடியவில்லை, கேமராவில் பார்த்தால் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. பாசமில்லாதவர் என்று உங்களை நான் ஒரு நிமிடமும் நினைக்கவில்லை. பாசம் இல்லாதவர் அந்தச் சட்டை விஷயத்தை எழுதியே இருக்கமாட்டார். ஆனால் ‘தனிப்பட்ட உறவு’ என்ற வார்த்தையை அந்த வாசலில் மறைந்து நிற்கத் துணைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டவரோடு தனிப்பட்ட உறவு வைத்திருக்கிறவர் அப்பாவோடு கேமரா வழியாக உறவு வைத்திருக்க முடியாது.

என் பெரியம்மா கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூர் வந்து, ஓய்வு பெறும்வரை இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்தவர். வேதம் வாசிக்கத் தெரியாது, ஜெபமாலை மட்டும் தெரியும். என் அம்மா படுத்த படுக்கையானபோது எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு இரண்டு கையையும் சூடு வரும்வரை தேய்ப்பார். குளிர்ந்த கையை நோயாளிமேல் வைக்கக் கூடாது என்பார். முகத்துக்கு நேரே போய், ‘தங்கச்சி, காலைத் தொடறேன்’ என்று சொன்ன பிறகுதான் காலைத் தொடுவார். அம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தபோதும் சொல்வார். கணுக்காலில் ஆரம்பித்து, குதிகாலைத் தூக்கிப் பார்த்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, ஈரம் இல்லாமல் உலர்த்திய பிறகு எண்ணெய். எங்கேயாவது சிவந்திருந்தால் அந்தப் பக்கம் அன்றைக்குப் படுக்க வைக்கமாட்டார்.

ஃபாதர் வந்து அம்மாவுக்கு நோயில்பூசுதல் கொடுத்தார். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். 1972-ல் முறையை மாற்றுவதற்கு முன்னால் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று எல்லாவற்றிலும் பூசுவார்கள். அந்தக் காலத்தில் அதற்கு அவஸ்தைப்பூசுதல் என்று பெயர். பெரியம்மாவுக்குப் பழைய முறைதான் மனசில் இருந்தது. ஃபாதர் கிளம்பின பிறகு, ‘காலை விட்டுட்டாங்க’ என்று சொல்லித் தன் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இறையியல்படி அது திருவருட்சாதனம் ஆகாது, எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு காலை எடுத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: நோயில்பூசுதலைப் போனிலோ வீடியோவிலோ கொடுக்கத் திருச்சபை இன்றைக்கும் அனுமதிப்பதில்லை. குரு நேரில் வர வேண்டும், எண்ணெய் தோலில் பட வேண்டும்.

தேரைத் தொடுவது சரியா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கூட்டத்தில் யார் விசுவாசத்தோடு தொடுகிறார்கள், யார் சும்மா இடிக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. வரும் செப்டம்பரில் போவதானால் போங்கள், மனசு ஒப்பவில்லை என்றால் விடுங்கள்.

இன்றைக்குச் சாயங்காலம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். அந்த நர்ஸ் பையனிடம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவை எப்படிப் புரட்டுவது என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வேளையாவது நீங்களே புரட்டுங்கள். விழுந்துபோன வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடும். கீழே கையைக் கொடுத்துத் தாங்குங்கள். இடது பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்காருங்கள், அந்தக் கைக்கு உங்கள் சட்டை எட்ட வேண்டும். அவர் விடுகிறவரை எழுந்திருக்க வேண்டாம். ஆபீஸுக்குத் தாமதமாகப் போங்கள்.

அன்புடன்,
அக்கா