பையன் கையிலிருக்கும் அந்த டார்ச்சை முதலில் வாங்கி வையுங்கள்

கேள்வி: எங்களுக்குச் சங்ககிரி பக்கம். எனக்கு வயது 41. அப்பா 14 வயதில் கிளீனராகப் போய், டிரைவராகி, 1981-ல் சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கினார். 1968-ஆம் வருடத்து டாடா மெர்சிடிஸ் பென்ஸ் 1210. எங்களைப் படிக்கவைத்தது, தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்தது எல்லாம் அந்த வண்டிதான். 2009-க்குப் பிறகு ஓடவில்லை. அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டு வருடமாக வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே அதைச் சரிசெய்கிறேன். இதுவரை ஐந்தரை லட்சம் செலவாகியிருக்கிறது. ஆரம்பத்தில் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இன்ஜின் வேலைக்குத் தன் சீட்டுப் பணத்தைக்கூடக் கொடுத்தாள். என் பையன் ஆறாவது படிக்கிறான், அவனுக்கும் என்னைப்போலவே ஆர்வம். கோடை லீவிலிருந்து அவன்தான் எனக்கு உதவி. வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஹாலோ பிளாக் முட்டுக் கொடுத்து வேலை பார்க்கும்போது அடியில் டார்ச் பிடிப்பான். சின்ன உடம்பு என்பதால் என்னால் நுழைய முடியாத இடத்தில்கூட ஸ்பேனர் போட்டுக் கொடுப்பான். ஆனால் இந்த நாலைந்து மாதமாக மனைவி அடியோடு மாறிவிட்டாள். ‘இரும்புக் கடையில் எடைக்குப் போடுங்கள்’ என்கிறாள். மூன்று வாரமாகப் பேச்சே இல்லை. வண்டிக்குப் பவர் ஸ்டீயரிங், புது இன்ஜின் எல்லாம் போட்டு, விண்டேஜ் நம்பர் வாங்கி ரோட்டில் ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை. இது செலவு இல்லை, அப்பாவின் நினைவு என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்:

தம்பி, உங்கள் மனைவி எப்போது மாறினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பையன் எப்போது கொட்டகைக்குள் வந்தான் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே மாதம். எழுதிய உங்களுக்கு இது தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஒன்றரை வருடம் நீங்கள் பணத்தைக் கொட்டியபோது வாய் திறக்காதவர், தன் சீட்டுப் பணத்தையே எடுத்துக் கொடுத்தவர், இப்போது திடீரென்று பணத்துக்காகவா சண்டை போடுகிறார்? கணவன் வேலையை ரசிக்காத பெண்டாட்டி என்று எனக்கு வாரம் ஒரு கடிதமாவது வருகிறது. மர வேலை, மீன் தொட்டி, பழைய புல்லட் என்று பொருள்தான் மாறும். அவற்றில் பாதிக்கு மேல் உண்மையிலேயே பணத் தகராறுதான். உங்களுடையது அந்தக் கணக்கில் சேராது. அந்த அம்மா ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் காபியோடு கொட்டகைக்கு வந்திருப்பார். உங்கள் காலுக்குப் பக்கத்தில் லாரிக்கு அடியிலிருந்து இன்னொரு ஜோடிச் சின்னக் கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பார். அதற்குப் பிறகு அந்த வண்டியை எடைக்குப் போடச் சொல்லாமல் வேறென்ன சொல்வார்?

நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று பச்சையாகச் சொல்கிறேன். பாடியைக் கழற்றிய பிறகும் டன் கணக்கில் எடையுள்ள ஒரு வண்டியை, கொஞ்சம் எண்ணெயும் ஒரு ரப்பர் சீலும் தாங்கி நிற்கும் ஜாக்கியின்மேல் ஏற்றுகிறீர்கள். அந்தச் சீல் கசிந்தால் ஜாக்கி மெல்லவும் இறங்கும், சட்டென்றும் இறங்கும். அதற்குத் துணையாக நீங்கள் வைத்திருப்பது சுவர் கட்டுகிற ஹாலோ பிளாக். அது சுவரில் பரவலாக வரும் எடையைத் தாங்குவதற்காகச் செய்த கல். அச்சின் இரும்பு ஒரே இடத்தில் குத்தி அழுத்தினால் அது மரம்போல முனகி வளைந்து எச்சரிக்காது. ஒரு நொடியில் பொடிந்துவிடும். அதிலும் ஓட்டை பக்கவாட்டில் பார்க்கும்படி படுக்கவைத்திருந்தால் இன்னும் மோசம்.

பையன் அங்கே சும்மா டார்ச் பிடித்துக்கொண்டும் இருக்கவில்லை. ஸ்பேனர் போடுகிறான். ஐம்பது வருடம் இறுகிப்போன போல்ட் ஸ்பேனருக்கு லேசில் அசையாது. நீங்கள் பைப்பை மாட்டி இழுப்பீர்கள். இழுக்கும்போது வண்டி பக்கவாட்டில் ஆடும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டதால் ஹேண்ட் பிரேக்கும் பயன்படாது, ஏனென்றால் அது பிடிப்பது பின்சக்கரங்களைத்தான், அவை காற்றில் தொங்குகின்றன. முன்சக்கரம் இரண்டு அங்குலம் உருண்டால் போதும், ஜாக்கி சாய்ந்துவிடும். உங்கள் கடிதத்தில் முன்சக்கரத்துக்குக் கட்டை போட்டதாக ஒரு வரிகூட இல்லை.

சங்ககிரிக்காரரான நீங்கள் இதைச் செய்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கோபம். லாரித் தொழில் நடக்கும் ஊரில் வளர்ந்தவள் நான். மேட்டில் வண்டி நின்றால் கிளீனர் பையன் முதலில் கையில் எடுப்பது எதை? கட்டையை. தண்ணீர் ஊற்றுவது, பானட்டைத் திறப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான். உங்கள் அப்பா கிளீனராகப் போன முதல் நாளிலேயே அவருக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவருடைய நினைவைக் காப்பாற்றுகிறேன் என்கிற நீங்கள், அவர் அறிந்த தொழிலின் முதல் பாடத்தையே விட்டுவிட்டீர்கள்.

‘அப்பாவும் சின்ன வயதில் வண்டிக்கு அடியில் படுத்தவர்தானே’ என்று உங்களுக்குத் தோன்றலாம். படுத்தார். வீட்டில் வேறு வழி இல்லாததால் படுத்தார். 14 வயதில் கிளீனராகப் போன மனிதர், தன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றுதான் ராத்திரி பகலாக அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அவருடைய பேரனை 11 வயதில் அதே வண்டிக்கு அடியில் தள்ளி அவருக்கு மரியாதை செய்வதாக நீங்கள் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 14 வயது நிறையாத பிள்ளையை எந்தப் பட்டறையிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மேலே நிற்கும் வண்டிக்கு அது முதலாளியின் பட்டறையா அப்பாவின் கொட்டகையா என்று தெரியாது.

செத்துப்போனவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் பெற்ற பிள்ளையை உயிரோடும் கை காலோடும் வளர்த்து விடுவது அதற்கெல்லாம் முந்திய கடன். இதில் நான் யாரோடும் சமரசம் பேசத் தயாராக இல்லை.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பையன் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. நீங்கள் எவ்வளவு ஒழுங்காக முட்டுக் கொடுத்தாலும் சரி, அவன் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. நீங்களும் இப்போது இருக்கிற ஏற்பாட்டில் போகக் கூடாது. முதலில் தரை. மண் தரையில் ஜாக்கி புதையும், அதனால் வண்டி நிற்கும் இடத்துக்காவது கான்கிரீட் போடுங்கள். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியால் தூக்கியதும் அச்சுக்கு அடியில் இரண்டு பக்கமும் வண்டியின் எடைக்கு ஏற்ற இரும்பு ஸ்டாண்டு. அது கிடைக்காவிட்டால் நல்ல ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். பிறகு ஜாக்கியை மெதுவாக இறக்கி எடை முழுவதும் ஸ்டாண்டின்மேல் உட்காரும்படி செய்யுங்கள். கழற்றிய சக்கரங்களைச் சேஸுக்கு அடியில் படுக்கப் போடுங்கள், எல்லாம் தவறினாலும் அவை கொஞ்சம் இடைவெளியாவது காப்பாற்றும். அடியில் போவதற்கு முன் வெளியில் நின்று வண்டியை நன்றாகத் தள்ளி ஆட்டிப் பாருங்கள். வெளியே ஒரு பெரிய ஆள் இருக்கும்போது மட்டும் உள்ளே போங்கள். ஐந்தரை லட்சம் செலவழித்தவருக்கு இரண்டு ஸ்டாண்டு வாங்க மனம் வரவில்லையா?

கொட்டகையில் இன்னும் சில விஷயங்கள் இருக்கும், நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள். அந்தக் காலத்து பிரேக் லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதைச் சுவாசித்தவர்களுக்கு இருபது முப்பது வருடம் கழித்துத்தான் நுரையீரலில் தெரியும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கேபினின் பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பையன் கையில் உப்புத்தாளைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்லியிருந்தால் உடனே நிறுத்துங்கள். ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் மூளையை அதிகம் கெடுக்கும். சக்கரத்தில் லாக் ரிங் (டயரைப் பிடித்து நிறுத்தும் தனி இரும்பு வளையம்) போட்ட பழைய டிஸ்க் இருந்தால் வீட்டில் காற்று அடிக்கவே வேண்டாம். துருப்பிடித்த ரிங் சரியாக உட்காராமல் அவ்வளவு காற்றழுத்தம் ஏறினால் அது பீரங்கிக் குண்டாகப் பாயும். கூண்டு வைத்திருக்கும் டயர் கடையில் கொடுங்கள்.

பையனைக் கொட்டகையிலிருந்தே துரத்தச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். புத்தகம் மட்டும் போதும், கையில் கரி படக் கூடாது என்று பிள்ளை வளர்க்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அவன் ஆர்வம் பெரிய சொத்து. அதை மேஜைக்கு மேலே வளர்த்தெடுங்கள். ஒரு வைஸ் மாட்டிய மேஜையைப் போட்டு, பழைய டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் அவனிடம் கொடுங்கள். கழற்றுவதற்கு முன் படம் எடுக்கட்டும், நோட்டில் வரையட்டும், போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரித்துப் பெயர் எழுதி வைக்கட்டும். வயரிங் முழுவதையும் கலர் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். நல்ல மேஸ்திரிகளில் எத்தனையோ பேர் இப்படி மேஜையில்தான் தொழில் கற்றார்கள். முன்சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவன் பொறுப்பாக இருக்கட்டும். அவன் சரி என்று சொல்லாமல் நீங்கள் வேலை ஆரம்பிக்கக் கூடாது.

இனி வண்டி. அரிய வண்டிதான். இன்றைய டாடா மோட்டார்ஸான டெல்கோவும் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் 1954-ல் கைகோத்தன. 1969-ல் அந்த ஒப்பந்தம் முடிந்ததும் முகப்பில் இருந்த பென்ஸ் நட்சத்திரமும் போய்விட்டது. உங்களுடையது நட்சத்திரம் போட்ட கடைசி வண்டிகளில் ஒன்று. 1210 என்றால் மொத்த எடை 12 டன், சுமார் 100 குதிரைசக்தி. அப்படிப்பட்ட வண்டிக்குப் புது இன்ஜினும் பவர் ஸ்டீயரிங்கும் எதற்கு? மாற்றி முடித்த பிறகு உங்கள் அப்பா ஓட்டிய வண்டியில் மிச்சம் என்ன இருக்கும்? சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இன்ஜின் மாற்றுவதானால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.

விண்டேஜ் நம்பர் ஆசையையும் விட்டுவிடுங்கள். 2021-ல் வந்த அந்த விதி, 50 வருடம் தாண்டிய இருசக்கர வாகனங்களுக்கும் சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கும்தான். லாரி அதில் வராது. கிடைத்த வண்டியைக்கூட அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று இல்லாத லாரியைச் சட்டம் பதிவு செய்த வண்டியாகவே ஏற்காது. ஆகவே இப்போதைக்கு ரோட்டை மறந்து, கொட்டகையிலேயே ஸ்டார்ட் ஆகி நிற்கும் வண்டியாகச் செய்யுங்கள்.

இன்னொன்று. ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். நீங்கள் நான்கு வருடம் விட்டுவிட்டீர்கள். உங்கள் அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அந்த வண்டி உங்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை, உங்கள் தங்கைக்கும் பங்கு உண்டு. அம்மா இருந்தால் அவருக்கும் உண்டு. நட்சத்திரத்தைப் பாலிஷ் போடுவதற்கு முன் அவர்களிடம் போய்க் கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டீர்கள். அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கிறது. இன்றைக்கே அவரிடம் போய், ‘பையனை அடியில் விட்டது தப்பு, இனி விட மாட்டேன்’ என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். அப்பா, நினைவு, பாசம் என்று எதையும் அதோடு சேர்க்காதீர்கள். ஸ்டாண்டும் கட்டையும் வந்து இறங்கியதும் அவரைக் கொட்டகைக்குக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் பார்த்து மனம் ஒப்பும்வரை ஜாக்கியை எடுக்காதீர்கள். அதற்கு ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும், 2009-லிருந்து நிற்கிற வண்டி எங்கேயும் ஓடிப்போகாது.