ஓடுகிறவனின் முதுகு

வணக்கம் சார். போன மாதம் எங்கள் வீட்டில் திருடன் புகுந்தான். நாங்கள் தூங்கிக்கொண்டிருந்த அறைக்கு அடுத்த அறையில் பீரோவை உடைத்திருக்கிறான், ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து தலைமாட்டில் இரும்புக் கம்பி வைத்துக்கொண்டு படுக்கிறேன். இனி எவனாவது வந்தால் அடித்தே கொன்றுவிடுவேன். இது தப்பா? துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போடலாமா? திருடனின் உயிருக்காக உருகுகிறவர்கள் யாரும் எதையும் பறிகொடுத்தவர்கள் இல்லை.
— ஆர்.

அன்புள்ள ஆர்.,

பக்கத்து அறையில் ஒருவன் நடமாடியிருக்கிறான், நாம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தோம் என்ற நினைப்பு போன பொருளைவிட அதிகம் படுத்தும். உங்கள் பயத்துக்கு நீங்கள் வெட்கப்பட வேண்டாம். ஆனால் அந்தக் கடைசி வரியை எதற்கு எழுதினீர்கள்? பறிகொடுத்தவன்தான் பேசலாம் என்றால் கொன்றவனும் பேசலாமே, அப்படி யாரையாவது கேட்டீர்களா?

உயிர் பெரிதா பொருள் பெரிதா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. கொஞ்ச நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது வேறு. பழைய சட்டங்கள் ஏன் இரவையும் பகலையும் பிரித்தன? பைபிளில் வரும் மோசேயின் சட்டத்தில், சுவரில் ஓட்டை போட்டுக் கன்னம் வைக்கும்போது அகப்பட்ட திருடன் அடிபட்டுச் செத்தால் இரத்தப்பழி இல்லை. பொழுது விடிந்தபின் என்றால் பழி உண்டு. கி.மு. 5ஆம் நூற்றாண்டு ரோமானியர்களின் பன்னிரண்டு பலகைச் சட்டமும் இரவுத் திருடனைக் கொல்ல விட்டது, பகல் திருடனை அவன் ஆயுதத்தால் எதிர்த்தால் மட்டும். இந்தியாவின் 1860ஆம் வருடத்துத் தண்டனைச் சட்டத்திலும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் தற்காப்புக்காக எப்போது கொல்லவும் செய்யலாம் என்று சொல்லும் இடத்தில் இரவில் வீட்டை உடைத்துப் புகுவது தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது, தேவைக்கு மேல் தாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. பகலில் திருடினால் திருட்டு சின்னதாகிவிடுமா என்ன? இருட்டில் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வந்தவன் ஒருவனா நாலு பேரா, கையில் இருப்பது டார்ச்சா கத்தியா, வந்தது பீரோவுக்கா பிள்ளைக்கா, எதுவும் தெரியாது. அந்தத் தெரியாமைக்குத்தான் மன்னிப்பு, உங்கள் கோபத்துக்கு இல்லை. விளக்கைப் போட்டு, அவன் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் அது அங்கேயே தீர்ந்தது. ஓட ஆரம்பித்துவிட்டான் என்றால் கேட்கவே வேண்டாம்.

அமெரிக்காவின் அயோவாவில் ஒருவர், ஆளில்லாத பழைய பண்ணை வீட்டில் அடிக்கடி திருட்டுப் போகிறதென்று படுக்கையறையில் துப்பாக்கியைக் கட்டி வைத்தார், கதவைத் திறந்தால் வெடிக்கும்படி. 1967இல் பழைய பாட்டில், ஜாடி எடுக்க வந்தவனின் காலில் குண்டு பாய்ந்தது. வீட்டுக்காரர்தான் அவனுக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று 1971இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நீங்கள் கொதிப்பீர்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. யார், எதற்கு வருகிறான் என்று பார்க்கப் போவதில்லை என முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டு அவர் வேறு வீட்டில் போய்த் தூங்கினார். "எவனாவது வந்தால்" என்று கம்பியோடு படுக்கிற நீங்களும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறீர்கள்.

எனக்கு 12 வயது இருக்கும்போது எங்கள் வீட்டுக்கும் திருடன் வந்தான். அவனுக்குக் கிடைத்தது ஒரு சைக்கிள் பம்பு. நல்ல நிலா. அப்பா கம்பியோடு துரத்த, அவன் பம்பைப் போட்டுவிட்டு மதில்மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுவிட்டான். அப்பா பின்னந்தலையில் அடித்தார். அந்தப் பக்கம் விழுந்தவன் எழுந்து ஓடும் சத்தம் கேட்டது. விடிந்து பார்த்தால் மதிலில் கையளவுக்கு ரத்தம் காய்ந்திருந்தது, அம்மா இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். அதற்கப்புறம் ஒரு மாதம் அப்பா பேப்பரை ஒரு வரி விடாமல் படித்தார், எங்காவது அடையாளம் தெரியாத பிணம் கிடந்ததாகப் போட்டிருக்கிறதா என்று. போடவில்லை. அதற்காக அவருக்கு நிம்மதி வந்துவிடவும் இல்லை. ரொம்ப வருஷம் கழித்து, யாரும் கேட்காமலே சொன்னார்: "அவன் முதுகுதான்டா தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் அடிச்சேன்."

அந்தப் பம்பு வீட்டிலேயே கிடந்தது. காற்றடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்.

சரி, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள், வாசலில் ஒரு விளக்கு எரியட்டும். சத்தம் கேட்டால் அறையை உள்ளே பூட்டிக்கொண்டு போலீஸுக்குப் போன் பண்ணுங்கள். கம்பியை இன்றைக்கே அங்கிருந்து எடுங்கள். லைசென்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். அது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.