அந்த 10,000 ரூபாய் எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஈரோட்டில் 42,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு, டீக்கடை ஃபிரான்சைஸ் (ஒரு கம்பெனியின் பிராண்ட் பெயரில் நாம் கடை நடத்துவது) எடுக்கச் சொல்கிறார் மச்சான். கட்டணம் 4 லட்சம், மெஷின், இன்டீரியர் 7, கடை அட்வான்ஸ் 3, இதர செலவு 2. கையில் 4 லட்சம் உண்டு. வங்கிக் கடன் 8, மனைவியின் நகையை வைத்து 4 என்று திட்டம். வங்கிக்கான புராஜெக்ட் ரிப்போர்ட்டில் தினசரி விற்பனை 8,000 என்று எழுதியிருந்தேன். கம்பெனிக்காரர் சொன்னதால் 10,000 ஆக்கிவிட்டேன். ஆவணியில் திறந்தாக வேண்டும். ரிப்போர்ட்டில் வேறு என்ன சேர்க்கலாம்?

பதில்: சேர்ப்பது இருக்கட்டும், மாற்றியதை முதலில் பழையபடி மாற்றுங்கள். கடன் தொகையை முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோதாக விற்பனையை எழுதியிருக்கிறீர்கள். மேனேஜருக்காக எழுதிய கணக்கை நாலு முறை படித்தால் நமக்கே நம்பிக்கை வந்துவிடும். பலரிடம் பார்த்துவிட்டேன்.

உங்கள் 8,000-ஐயே எடுத்துக்கொள்வோம். மாதம் 2,40,000. தூளிலிருந்து கப் வரை கம்பெனியிடமே வாங்க வேண்டும் என்பதால் சரக்குக்கு 40 சதவீதம், 96,000. ராயல்டி (பிராண்ட் பெயருக்காக விற்பனையில் கம்பெனிக்குத் தரும் பங்கு) 5 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 14,200. விலைக்குள் அடங்கிய 5 சதவீத ஜிஎஸ்டி 11,400. உங்கள் தாளில் உள்ளபடி வாடகை 30,000, மூன்று பேர் சம்பளம் 45,000, கரண்ட், கேஸ் 18,000. மிச்சம் 25,400. வங்கித் தவணை (11 சதவீதம், 5 வருடம்) 17,400, நகை வட்டி 4,000 போனால் கையில் நிற்பது 4,000 ரூபாய். நகை அசல் அப்படியே இருக்கும். அந்த 10,000 விற்றாலும் கிடைப்பது 33,000 சொச்சம்தான், இன்றைய சம்பளத்தைவிடக் குறைவு!

கம்பெனி கொடுத்த தாளில் ராயல்டிக்கான வரியும் இல்லை, தவணையும் இல்லை. கட்டணம் 4 லட்சத்துக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஜிஎஸ்டி தனி' என்று இருக்கிறது பாருங்கள், அது 72,000. 5 சதவீத வரியில் நடக்கும் உணவுக் கடைக்கு இந்த வரி திரும்ப வராது. '18 மாதத்தில் போட்ட முதல் திரும்பும்' என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் தரும் கம்பெனி, கையெழுத்துக்கு 14 நாள் முன்பே தன் விவரங்களை ஆவணமாகத் தந்தாக வேண்டும். நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. விசாரிப்பது உங்கள் பாடு.

ஒரு ஆளின் பில் சராசரி 25 ரூபாய் என்றால், 8,000-க்கு 320 பேர் வர வேண்டும். காலை 6 முதல் இரவு 8 வரை மணிக்கு 23 பேர். கடை பார்த்த இடத்துக்கு எதிரே ஒரு செவ்வாய், ஒரு ஞாயிறு உட்கார்ந்து, பக்கத்து டீக்கடைக்கு வருபவர்களை எண்ணுங்கள். மதியம் 1 முதல் 3 வரை கட்டாயம் இருங்கள், ஈ ஓட்டும் நேரம் அதுதான். அப்புறம், அதே பிராண்டில் கடையை மூடியவர் இரண்டு பேரையாவது தேடிப் பேசுங்கள். கம்பெனி தரும் போன் நம்பர்கள் நன்றாக ஓடும் கடைகளுடையதாகத்தான் இருக்கும்.

அந்த எண்ணிக்கையை வைத்து ரிப்போர்ட் எழுதுங்கள். முதல் ஆறு மாத நஷ்டத்துக்கு 1.5 லட்சம் தனியாகக் காட்டுங்கள். இதெல்லாம் ஆவணிக்குள் முடியாது, தை மாதமும் நல்ல மாதம்தான். நகையைத் தொட வேண்டாம். மச்சானுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால், அந்த 4 லட்சத்தை அவர் பெயரில் கடன் எடுத்துப் போட்டுப் பங்காளியாகச் சேரட்டும்.