காசு வாங்கியவர் ஒருவர், பதில் சொல்பவர் இன்னொருவர்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் நானும் மனைவியும் மட்டுமாக மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம். முன்பதிவு, கணக்கு பார்க்க ஏழு மாதத்துக்கு முன் சேலம் ஐந்து ரோட்டில் ஒரு கடையில் 54,000 ரூபாய் கொடுத்து லேப்டாப் வாங்கினேன். போன மாதம் ஒரு அப்டேட் வந்ததிலிருந்து வைஃபை அடிக்கடி அறுந்துவிடுகிறது. கம்பெனி எண்ணுக்குப் போன் செய்தால், "எங்கள் இணைய உதவித் தளத்தில் கேளுங்கள்" என்று ஒரு பதிவுக் குரல். கேட்டேன். ஒருவர் எல்லாருக்கும் ஒட்டும் அதே இருபது வரியை எனக்கும் ஒட்டினார். ஒருவர் ஃபார்மட் பண்ணச் சொன்னார். இன்னொருவர், "இதற்கு ஏற்கெனவே பதில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்" என்றார். கோபத்தில் கொஞ்சம் காட்டமாக எழுதிவிட்டேன். "நான் கம்பெனி ஆள் இல்லை, சம்பளமும் இல்லை" என்று பதில் வந்தது. இவர்கள் மேல் புகார் கொடுக்கலாமா?

பதில்: இவர்கள் மேல் முடியாது. கம்பெனி மேல் முடியும்.

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் கூழ் ஊற்றுகிறவரிடம் போய் உப்பு குறைவு என்று சண்டை பிடிக்க மாட்டோம். ஆனால் ஓட்டலில் சாப்பாட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு, "குழம்பு அங்கே ஊற்றுகிறார்கள், போய் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கல்லாக்காரர் கூழ் வரிசையைக் காட்டினால் சும்மா விடுவோமா? உங்களுக்கு நடந்தது அதுதான். நீங்கள் கத்தியது கூழ் ஊற்றியவரிடம். போய் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுவிடுங்கள், நஷ்டமில்லை.

இந்தக் குழப்பத்துக்கு அந்தத் தளங்களின் அமைப்பும் ஒரு காரணம். கம்பெனியின் சின்னம் மேலே இருக்கும். பதில் சொல்பவரின் பெயர் பக்கத்தில் ஏதோ பட்டம் இருக்கும். கூகுள் தன் உதவித் தளத்தில் நிறையப் பதில் சொல்லும் தன்னார்வலர்களுக்கு 'புராடக்ட் எக்ஸ்பர்ட்' என்று பட்டம் தருகிறது. ஆப்பிள் தளத்தில் புள்ளிகளும் படிநிலைகளும் உண்டு. பார்ப்பவருக்கு இவர் அதிகாரி போலத்தான் தோன்றும். ஆனால் உங்கள் சீரியல் எண்ணை வைத்து வாரண்டியைப் பார்க்கவோ, ஒரு பாகத்தை மாற்றித் தரவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. அவர் கையில் இருப்பது அனுபவமும் அந்த இருபது வரியும்தான்.

சட்டமும் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, இலவசமாகச் செய்வது அதில் சேராது என்று இருக்கிறது. ஆகவே தன்னார்வலர் தவறான யோசனை சொன்னாலும் அவரை நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்க வழியில்லை. வாரண்டி இலவசம் இல்லை. அதன் விலையும் அந்த 54,000க்குள் இருக்கிறது.

இனி காரியத்துக்கு வருவோம். மலையில் மழை பிடித்தால் நெட் தானாகவே போகும், கம்பெனி முதலில் அதைத்தான் சொல்லும். அதனால் லேப்டாப்பில் இணைப்பு அறும் நேரத்தில், அதே வைஃபையில் உங்கள் போன் ஓடுவதை வீடியோ எடுங்கள். அப்புறம் போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்துப் பாருங்கள். அதிலும் அறுந்தால் கோளாறு உங்கள் வீட்டு இணைப்பில் இல்லை என்று காட்ட அது போதும். ஃபார்மட் மட்டும் இப்போது வேண்டாம். முன்பதிவுக் கணக்கெல்லாம் போய்விடும். கம்பெனிதான் செய்யச் சொல்கிறது என்றால், அதை எழுத்தில் வாங்கி, எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகல் எடுத்த பிறகு பார்க்கலாம்.

பிறகு கம்பெனிக்கு மின்னஞ்சல், கடைக்கு ஒரு நகல். பில் எண், சீரியல் எண், கோளாறு தொடங்கிய தேதி, பழுது பார்த்துத் தர 15 நாள் அவகாசம், அவ்வளவு போதும். சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனால் ஜாப் ஷீட் (பழுதுக்கு வாங்கிக்கொண்டதாக அவர்கள் எழுதித் தரும் சீட்டு) இல்லாமல் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள். அதில் "வைஃபை துண்டிக்கிறது" என்று உங்கள் புகாரை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். 'செக்கிங்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போனது வீணாகும். "இது சாஃப்ட்வேர் பிரச்சினை, வாரண்டியில் வராது" என்றால் அதையும் எழுதி வாங்குங்கள்.

அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்கள் உத்தரவு போட முடியாது, கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். "தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு கிளப்பலாம். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. நீங்களும் மனைவியும் மட்டும் நடத்துகிறீர்கள் என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள்.

கேள்வி: அம்மாபேட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறதே என்று போட்டேன். பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைல்களைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. அதன் இணைய உதவித் தளத்தில் கேட்டேன், ஒருவருக்கும் புரியவில்லை.

பதில்: உங்கள் நிலைமை வேறு. இங்கே காசு வாங்கியவர் யாருமே இல்லை, உரிமை பேச இடமில்லை. கேட்கும் விதத்தில்தான் காரியம் இருக்கிறது.

"தமிழ் வரவில்லை" என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் போட்டு ஏமாற்றுபவை என்பது ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கும் தன்னார்வலருக்கு எப்படித் தெரியும்? எந்த எழுத்துருவில் அடித்தது, எந்த மென்பொருளில் செய்த ஃபைல், இப்போது போட்டிருக்கும் பதிப்பு எண் என்ன, அதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். திரையின் படம் ஒன்றும் சேருங்கள். வாடிக்கையாளரின் பெயரும் போன் எண்ணும் இருக்கும் பத்திரிகையை அப்படியே ஏற்றிவிடாதீர்கள்!

உங்கள் சிக்கலுக்கு அங்கே போகவே வேண்டியதில்லை. அந்தப் பழைய எழுத்துருவை இந்தக் கணினியிலும் நிறுவினாலே எழுத்து தெரியும். தொடர்ந்து பயன்படுத்தப் போகும் ஃபைல்களை மட்டும் எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றில் போட்டு, எல்லாக் கணினியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு முறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆயிரம் ஃபைலையும் மாற்ற உட்கார்ந்தால் முகூர்த்தச் சீசன் போய்விடும்.

கேள்வி: இப்படி ஓர் உதவித் தளத்தில், "கம்பெனி ஹெல்ப்லைன்" என்று ஒருவர் எண் போட்டிருந்தார். அழைத்தால் ஏதோ ஆப் ஏற்றச் சொல்லி 499 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (சூரமங்கலம் வாசகி)

பதில்: கூடவே கூடாது அம்மா. திரையை அவர் கைக்குக் கொடுக்கும் ஆப் அது, உங்கள் வங்கி ஓடிபியும் அவருக்குத் தெரியும். ஏற்றியிருந்தால் நெட்டைத் துண்டித்து அதை நீக்குங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930. கம்பெனியின் எண் பில்லிலும் வாரண்டி அட்டையிலும் இருக்கும், அதை மட்டும் அழையுங்கள்.